கிள்ளை உப்பங்கழியில் நின்றுபோன ஜெட் போட்டு

கிள்ளைப் பக்கம் உப்பங்கழியில படகு ஏறணும், நெய்வேலியிலிருந்து எப்படிப் போறதுன்னு சிலர் கேட்டிருந்தீங்க. நான் போனது எண்பதுகளின் நடுவில, பொங்கல் முடிஞ்ச வாரம். ஊர் சுத்திப் பாக்கப் போகல. என் தம்பி தனபாலோட ஜெட் போட்டு இழுவை இல்லாம நின்னுபோச்சு. அதைச் சரி பண்ண எங்க வூட்டுக்காரர் போனார், கூட நானும் ஒட்டிக்கினேன். அந்தப் பயணத்தை நினைச்சா இன்னைக்கும் எனக்கு முகம் சுருங்குது. வழியும் சொல்றேன், அங்க நடந்ததும் சொல்றேன்.

தனபால் நெய்வேலி நிலக்கரி மைன்ஸ்ல பல வருஷம் கான்ட்ராக்ட் ஆளா இருந்தான். பர்மனென்ட் ஆகவே இல்ல. வெறுத்துப்போய் வடக்குத்துல எங்கப்பா குடுத்த நெலத்தை வித்து, ஏதோ துறைமுகத்துல ஏலம் விட்ட பழைய ஜெட் போட்டை வாங்கிட்டான். சனங்களை ஏத்திக்கினு, கழித் தண்ணியில வளர்ற சுரபுன்னைக் காட்டைச் சுத்திக் காட்டணும்னு திட்டம். ஜெட் போட்டுன்னா வெளியில விசிறி கிடையாது. அடியில கம்பி வலை ஒண்ணு இருக்கும். அது வழியா தண்ணியை உறிஞ்சி, உள்ள சுத்துற இம்பெல்லர் பின்பக்கமா பீச்சி அடிக்கும். அந்த உதையிலதான் போட்டு முன்னால போவுது. எங்க வூட்டுக்காரருக்கு மைன்ஸ்ல பம்பு செக்‌ஷன். கேட்ட உடனே, "இது போட்டு இல்ல, பம்பு. மேல நாலு சீட்டு போட்டு வுட்டிருக்கானுங்க"ன்னார்.

திங்கக்கிழமை பர்மிட் குடுக்கிற அதிகாரி வந்து ஓட்டிப் பாக்கப் போறார். அன்னைக்குத் தேறலன்னா சீசன் போச்சு, நெலம் வித்த பணமும் போச்சு. அதனால ஞாயித்துக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடிச்சோம்.

வழி இதுதான். நெய்வேலியிலிருந்து வடலூர், அங்கிருந்து சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியா சிதம்பரம். ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அப்ப டிக்கெட் நாலு ரூபாய்க்குள்ளதான். ரெண்டு மணி நேரத்துக்குப் பக்கமா ஆச்சு. சிதம்பரத்துல எறங்கி டவுன் பஸ் மாறி கிள்ளை, அது இன்னொரு பதினஞ்சு கிலோமீட்டர் இருக்கும். பஸ் மாறுற இடத்துல அரை மணி நேரம் காத்திருந்தப்ப, போட்டுக்கு மாலை போடலாம்னு உதிரிச் சாமந்தியும் வாழைநாரும் வாங்கினேன். மாலை கட்டுறதுல எங்க டவுன்ஷிப் பிளாக்ல என்னை மிஞ்ச ஆள் கிடையாது. நாரை ரெட்டையா முறுக்கிக் கட்டுவேன். பூ வாடி உதிர்ந்தாலும் நார் அறாது. மடியிலேயே வெச்சுக் கட்டி முடிச்சேன்.

துறைக்குப் போனதும் அவர் சட்டையைக் கழட்டிட்டு வேலையில எறங்கிட்டார். மொதல்ல எஞ்சினை ஓடவிட்டு சத்தத்தைக் கேட்டார். சத்தம் ஏறுது, போட்டு மட்டும் ஆமை மாதிரி நகருது. "எஞ்சின்ல ஒண்ணும் இல்லடா. தண்ணிப் பக்கந்தான் கோளாறு"ன்னார். அடி வலையில குப்பை இருக்கான்னு தடவினார், இல்ல. காத்து உறிஞ்சுதான்னு பம்பு மேல இருக்கிற மூடியோட வாஷரைப் பாத்தார், நல்லா இருந்துது. கடைசியில போட்டைக் கரையில ஏத்தி இம்பெல்லரைப் பாத்தா, அதைச் சுத்தி இருக்கிற வளையம் மணல் அரிச்சுத் தேஞ்சுபோய், இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடு நுழையிற அளவுக்கு சந்து. "அடிக்கிற தண்ணி அந்த சந்து வழியாவே திரும்பி வந்துடுது. எங்க பம்புலயும் இதே கதைதான்"னார். சிதம்பரத்துக்கு ஓடி லேத் பட்டறையில புது வளையம் கடைஞ்சு வாங்கி, பொழுது சாயிறதுக்குள்ள மாட்டிட்டார். ஓட்டிப் பாத்தா போட்டு மூக்கைத் தூக்கிக்கினு பறந்துது. தனபால் அவர் கையைப் பிடிச்சுக்கினு, "மாமா, என் குடும்பத்தையே தூக்கி நிறுத்திட்டீங்க"ன்னான். துறையில இருந்த பொம்பளைங்ககிட்ட எல்லாம், "எங்க வூட்டுக்காரரு"ன்னு நான் சொல்லிக்கினே இருந்தேன்.

மறுநாள் காலையில போட்டு மூக்குல அந்த மாலையைக் கட்டினேன். தனபால் ஓடி வந்தான்.

"யக்கா, இது தண்ணியை உறிஞ்சுற வண்டி. சூடம் காட்டிட்டு மாலையை அவுத்துடு."

"போடா. ஆயுத பூஜைக்கு மைன்ஸ்ல எத்தனை மிஷினுக்கு மாலை போடுறாங்க? அதெல்லாம் நின்னா போச்சு? நேத்து போட்டு வாங்கிட்டு எனக்குச் சொல்ல வந்துட்டான்!"

எங்க வூட்டுக்காரரும், "கௌம்பறப்ப அவுத்துடு புள்ள"ன்னார். சரின்னேன். அதுக்குள்ள அதிகாரி வந்துட்டார். வெள்ளைச் சட்டை, கண்ணாடி, சிரிக்காத முகம். பாரத்தோட ஓட்டிக் காட்டணும், நாலு பேர் ஏறுங்கன்னார். தனபால் ஓட்ட, அதிகாரியும் நாங்க ரெண்டு பேரும் ஏறினோம். மாலை அவ்வளவு அழகா இருந்துது. அதிகாரியும் பாக்கட்டுமேன்னு நான் அவுக்கல.

பத்து நிமிஷம் நல்லா போச்சு. ரெண்டு பக்கமும் சுரபுன்னை, வேர்ல கொக்கு உக்காந்துகினு இருக்கு. அதிகாரிகூட கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுக்கினு வேடிக்கை பாத்தார். அகலமான கால்வாய்ல திரும்பறப்ப காத்து எதிர்த்து அடிச்சுது. கொஞ்ச நேரத்துல எஞ்சின் சத்தம் மட்டும் கிறீச்சுன்னு ஏறுச்சு, போட்டு தளர்ந்து நின்னுடுச்சு. பின்னால தண்ணி பீச்சுற இடத்துல வெறும் நுரை.

"எஞ்சினை நிறுத்துடா!"ன்னார் எங்க வூட்டுக்காரர். "எல்லாரும் முன்னால போய் உக்காருங்க. பின்பக்கம் மேல எழும்பினாதான் மூடியைத் தெறக்கலாம், இல்லன்னா தண்ணி உள்ள வரும்."

முன்னால போய் உக்காந்தேன். மூக்குல மாலை இல்ல. மாலையை மூக்குல சேத்துக் கட்டின ஒத்தை நார் மட்டும் அறுந்து ஆடுது.

அதுதான் உள்ள போயிருக்குன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு. அப்பவே வாயைத் தெறந்திருக்கணும். அதிகாரி, "நேத்து ரிப்பேர் பண்ணீங்களாமே, என்ன பண்ணீங்க?"ன்னு கேட்டார். எங்க வூட்டுக்காரர் வாயைத் தெறக்கிறதுக்குள்ள நான் சொல்றேன்:

"புது வளையம் மாட்டினாருங்க. அதுதான் சரியா குந்தலயோ என்னமோ."

எங்க வூட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பாத்தார். மூடியைக் கழட்டி, தோள் வரைக்கும் கையை உள்ள வுட்டார். ரொம்ப நேரம் எதையோ பிச்சுப் பிச்சு இழுத்தார். கை வெளிய வந்தப்ப மூடின முஷ்டியா வந்துது. அதை அப்படியே துண்டுல சுத்திக்கினார். விரல் இடுக்குல ஒரு மஞ்சள் இதழ் ஒட்டியிருந்ததை நான் பாத்துட்டேன்.

"பாசிதான் சார். சுத்திக்கினு இருந்துது. எடுத்தாச்சு."

அதிகாரி தலையை ஆட்டினார். "பாசியா? இந்தக் கழி பூரா பாசிதானே? சனங்களை ஏத்திக்கினு நடுவுல நின்னா என்ன செய்வாங்க? இந்தத் தண்ணிக்கு இந்தப் போட்டு ஆகாதுப்பா. நான் கையெழுத்துப் போட முடியாது."

தனபால் ஸ்டியரிங்கைப் பிடிச்சபடி குனிஞ்சுட்டான். "சார், சார்"னு ரெண்டு தடவை சொன்னான். எங்க வூட்டுக்காரர் துண்டை இறுக்கிப் பிடிச்சுக்கினு தண்ணியைப் பாத்துகினு இருக்கார். பாசின்னே இருந்தா என் மானம் மிஞ்சும், என் தம்பி நெலம் வித்த பணம் போவும்.

"பாசி இல்லீங்க சார்"னேன். "என் மாலைங்க. அவுக்கச் சொன்னாங்க, நான் அவுக்கல. வளையத்து மேல பழி போட்டதும் நாந்தான். அவர் துண்டுல இருக்கு, பாருங்க."

அதிகாரி துண்டைப் பிரிச்சார். ரெட்டை முறுக்கு நார், நசுங்கின சாமந்தி. கையில வெச்சு இழுத்துப் பாத்தார். "நல்லா கட்டியிருக்கீங்கம்மா"ன்னார். கேலியா, நெசமான்னு எனக்குத் தெரியல. நிமிர்ந்து பாத்தாதானே தெரியும்? தனபால் அழுதுகினே சிரிச்சான். "உன் கட்டு பிரியாது, பிரியாதுன்னு சொல்லுவியே யக்கா, இம்பெல்லரே தோத்துப்போச்சு!"

மறுபடி எஞ்சினைப் போட்டதும் தண்ணி தெறிச்சு அடிச்சுது. அதிகாரி பாசி மண்டின ஓரமாவே மூணு தடவை ஓட்டச் சொன்னார். நிக்கல. கரைக்கு வந்து பர்மிட்ல கையெழுத்துப் போட்டார். கீழ தமிழ்ல ஒரு வரி தனியா எழுதினார்: படகின் மீது மாலை, தோரணம் கட்டக் கூடாது. நான் அஞ்சாவது வரைக்கும் படிச்சவ, எழுத்துக்கூட்டாமலே படிச்சேன். அந்த வரியைத் தனபால் பலகையில எழுதித் துறையில மாட்டினான். அங்க வந்தவங்க எல்லாருக்கும் அது யாரால வந்துதுன்னு அவனே சொல்லிச் சிரிப்பான்.

திரும்புற பஸ் புவனகிரி தாண்டிச்சு. எங்க வூட்டுக்காரர் ஜன்னலைப் பாத்தபடியே சொன்னார்: "மாலை விழுந்தது பரவால்ல புள்ள. நான் மாட்டின வளையத்தைக் குத்தம் சொன்ன பாரு, அதுதான்." அவ்வளவுதான். நான் வடலூர் வரைக்கும் முந்தானையை வாயில வெச்சுக்கினே வந்தேன்.

போறவங்களுக்குச் சொல்றேன். தை, மாசியில வெயில் தாங்குற அளவுதான் இருக்கும், காலையிலேயே ஏறிடுங்க. துண்டு, முந்தானை, பிளாஸ்டிக் பை எதையும் ஓரத்துல தொங்கவிடாதீங்க. ஜெட் போட்டுல சத்தம் ஏறி வேகம் ஏறலன்னா எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்க. மொதல்ல வலையில அடைப்பைப் பாக்கணும், அப்புறம் காத்து போற வழியை, கடைசியாத்தான் வளையத்தை. நீங்க எதையாவது தண்ணியில தவறவிட்டிருந்தா, ஓட்டுறவர் உள்ள கையை வுடுறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. அவர் அதை உங்களுக்காக மறைக்கிற மாதிரி வெச்சுக்காதீங்க.