நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்து மீன்

கலைவாணி நீந்தக் கற்றது கிணற்றில். அவளுடைய நைனா பச்சைமுத்து செஞ்சி சுற்றுவட்டாரத்தில் கிணறு தூர் வாருகிறவர். நீரில் மூழ்கிப்போன மோட்டாரைத் தேடி அவர் முங்கும்போது, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு அவளும் முங்குவாள். விலங்கியல் பட்டம் வாங்கிய பிறகு புதுச்சேரியில் ஒரு ஸ்கூபா கடையில் வரவேற்பு மேசையில் உட்காரும் வேலை கிடைத்தது. அதுவரை அவள் கடலைப் பார்த்ததே இரண்டு முறைதான்.

கடைக்காரர் சேரன் ஒருநாள் ஆள் பற்றாமல் போக, அவளையும் படகில் ஏற்றிக்கொண்டார். முதுகில் காற்று உருளையோடு பதினெட்டு மீட்டர் ஆழத்துக்கு இறங்கியவள், மேலே வந்ததும் மற்றவர்களைப் போலச் சிரிக்கவில்லை. "சார், கல்லுக்கடியில வாயைத் திறந்து வச்சிட்டிருந்துதே ஒரு களவா மீனு, அதோட பல்லை ஒரு எறா சுத்தம் பண்ணுது, பாத்தீங்களா?" என்று கேட்டாள். சேரன் பத்து வருடமாக அந்தக் கல்லைக் கடந்து போகிறவர். அவர் பார்த்ததில்லை.

மூன்றே வருடத்தில் அவள் வழிகாட்டி ஆனாள். நானூறு முறைக்கு மேல் இறங்கிவிட்டாள். கீழே போகப் போகச் சிவப்பு கரைந்து சாம்பலாகிவிடும் என்பதால் அவள் நிறத்தை நம்பமாட்டாள். வாலின் வெட்டு, துடுப்பை அசைக்கும் விதம், கோடு ஓடும் திசை இவற்றைத்தான் பார்ப்பாள். விருந்தாளிகள் கரையேறியதும் கேமராக்களோடு அவளைச் சூழ்ந்துகொள்வார்கள். ஊருக்குத் திரும்பிய வெளிநாட்டுக்காரி ஒருத்தி, தன் பழைய சின்னக் கேமராவை நீர்புகா உறையோடு அவளிடமே கொடுத்துவிட்டுப் போனாள்.

அந்தக் கடற்கரை மீன்களைப் பற்றிப் படப்புத்தகம் போடுவதற்காக டாக்டர் விமல்ராஜ் சென்னையிலிருந்து வந்தார். இரண்டு பருவம் கலைவாணிதான் அவரோடு இறங்கினாள். அவள் விரலால் காட்டுவாள், அவர் படம் எடுப்பார். ஒரு காலையில் அறுந்து கிடந்த வலை ஒன்றின் மடிப்பில், கட்டைவிரல் நீளத்தில் ஒரு குஞ்சு மீன் தெரிந்தது. கருநீல உடம்பில் வெள்ளைக் கோடுகள். விமல்ராஜின் கேமராக் கண்ணாடியில் உள்ளே ஆவி படிந்திருந்தது. அவர் கையை விரித்தார். கலைவாணி தன் கேமராவில் ஏழு படம் எடுத்தாள்.

படகில் அந்த மெமரி கார்டிலிருந்து படங்களைத் தன் லேப்டாப்பில் ஏற்றிய விமல்ராஜ், மீன் உடம்பை வளைத்துத் திரும்பிய படம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்தார். "அழகு! செமிசர்க்கிள் ஏஞ்சல். இந்தப் பக்கம் கிடைக்கறதே அரிது."

"இல்ல சார், இது புளூரிங் ஏஞ்சலோட குஞ்சு. செமிசர்க்கிளுக்குத்தான் கோடு அரைவட்டமா வளையும், இதுக்கு நேராத்தான் இருக்குது. ஒடம்பை வளைச்சதால வளைவா தெரியுது. கார்டுல மத்த படம் இருக்குது, பாருங்க."

"இருபது வருஷமா மீன் பாக்கறேன்மா," என்று சிரித்தார் அவர். "படத்துக்குக் கீழ உன் பேரைப் போட்டுடறேன். சந்தோஷமா?"

புத்தகம் வந்தது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அந்த மீன் பக்கம் முழுக்க நின்றது. பெயர் செமிசர்க்கிள். படம் எடுத்தவர் விமல்ராஜ். கடைசிப் பக்கத்தில் சேரனின் 'படகுப் பணியாளர்களுக்கு' நன்றி சொல்லியிருந்தார்கள். கலைவாணி அந்த வரியை விரல் வைத்துப் படித்தாள்.

அடுத்த முறை அவர் வந்தபோது எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள். "அது நான் எடுத்த படம் சார். பேரும் தப்பு."

விமல்ராஜ் முகம் மாறவில்லை. "கேமராவை யாரு புடிச்சா என்னம்மா? மீன் பதிவாச்சே, அதுதான முக்கியம்?"

சேரன் அவளைத் தனியே அழைத்தார். "டென்ஷன் ஆவாத. அவரை நம்பி வாரத்துக்குப் பத்து பேர் வராங்க. இன்னா பண்ணச் சொல்ற?"

அன்றிலிருந்து அவளுக்கு விருந்தாளிகளை ஒதுக்கவில்லை. நீர் உடைகளை அலசிக் காயப்போடும் வேலை வந்தது. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு பையைக் கட்டிக்கொண்டு செஞ்சிக்குப் பஸ் ஏறினாள்.

"ஒரு போட்டோக்கா வேலைய உட்டுட்டு வந்துட்ட?" என்றார் பச்சைமுத்து. அவருக்குப் புரியவைக்க அவளிடம் தெம்பில்லை.

இப்போது பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கணினி மையத்தில் சாதிச் சான்றுக்கும் வருமானச் சான்றுக்கும் விண்ணப்பம் ஏற்றுகிறாள். அமாவாசை அன்று மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் கூட்டம் தெருவை அடைத்துக்கொள்ளும். அப்படி ஓர் அமாவாசையில்தான், அவள் ஊர் திரும்பி நான்கு வருடம் கழித்து, விமல்ராஜ் போன் செய்தார். குரல் குழைந்திருந்தது.

"கலை, இரண்டாம் பதிப்பு வருது. அந்த ஏஞ்சல் மீனைப் பத்தி வெளிநாட்டுலேர்ந்து ஒருத்தர் சந்தேகம் கிளப்பறார். அன்னிக்கி எடுத்த மத்த படம் ஏதாவது இருக்கா? நான் அழிச்சிட்டேன்."

அவர் அழித்தது தன் லேப்டாப்பில் ஏறியதை. ஏழு படமும் மெமரி கார்டில் அப்படியே இருந்தன. அதில் மூன்றாவதில் மீன் பக்கவாட்டில் நின்றது, கோடுகள் அடிக்கோல் வைத்துப் போட்டதுபோல நேராக. ஒரு நிமிட வேலை. அனுப்பியிருந்தால் இந்த முறை பெயரையும் போட்டிருப்பாரோ என்னவோ. அவள் அதை யோசிக்கவில்லை. 'கலை' என்று கூப்பிட்டதுதான் காதில் எரிந்தது.

"ஒண்ணும் இல்ல சார். கார்டு எப்பவோ போயிடுச்சி."

போனை வைத்ததும் நெஞ்சு லேசானது. அந்த லேசு சாயங்காலம் வரைக்கும்கூட நிற்கவில்லை.

மறுக்க ஆதாரம் இல்லாததால் இரண்டாம் பதிப்பும் அதே பெயரோடு வந்தது. கடைகள் வாங்கி வைத்தன. புதிய வழிகாட்டிகள் அதைப் பார்த்தே மீன் கற்றார்கள். போன மாதம், மையத்தில் சர்வர் வேலை செய்யாத ஒரு மதியம், கலைவாணி போனில் ஒரு படம் பார்த்தாள். புதுச்சேரியில் ஒரு பெண் எடுத்தது. அதே கருநீலக் குஞ்சு, நேர்க்கோடுகள் பளிச்சென்று. கீழே 'அரிய செமிசர்க்கிள் ஏஞ்சல்' என்று எழுதியிருந்தாள்.

பொறுக்காமல் கலைவாணி எழுதினாள்: 'இது புளூரிங். கோடு நேரா இருக்குது பாருங்க.'

உடனே பதில் வந்தது. 'புக்ல இப்படித்தான் இருக்கு அக்கா. நீங்க டைவ் பண்ணியிருக்கீங்களா?'

அந்த ஏழு படங்களில் ஒன்றைப் போட்டால் போதும். ஆனால் போட்டால் விமல்ராஜ் பார்ப்பார். இத்தனை நாள் இது எங்கே இருந்தது என்று கேட்பார். திருடியது அவர், பொய் சொன்னது இவள் என்று இரண்டும் சமமாகிவிடும். அவளிடம் மிச்சமிருந்தது தன் பக்கத்து நியாயம் ஒன்றுதான். அதையும் அன்றைக்குத் தானே கெடுத்துக்கொண்டாள் என்பது அப்போதுதான் அவளுக்கு முழுதாக உறைத்தது.

தான் எழுதியதை அழித்தாள்.

"அம்மா, சர்வர் வந்துடுச்சா?" என்று எதிரே நின்ற பெரியவர் கேட்டார்.

"வந்துடுச்சி. ஆதார் குடுங்க," என்றாள்.