அக்கா கழற்றிப் பூட்டிய எம்.டி. 90

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டாகும் ஆட்டைத் திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் தங்கை எழுதுகிறேன்.

அக்கா உருத்திரபுரத்தில், வயல் செய்த பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். இடப்பெயர்வுகள் முடிந்து ஊர் திரும்பியபின் கண்டாவளையில் முன்பள்ளி ஆசிரியையானார். அவ்வளவு தூரம் போய்வர, யாரோ கைவிட்டிருந்த பழைய எம்.டி. 90 மோட்டார் சைக்கிளை வாங்கினார். யப்பானில் செய்தது. பார்த்தவர்கள் எல்லாரும் இரும்புக்குப் போடச் சொன்னார்கள். அக்கா முற்றத்தில் சாக்கை விரித்து அதைக் கழற்றினார். முதல்தடவை பூட்டி முடித்தபோது ஒரு நட்டு மிஞ்சியது. சிரித்துக்கொண்டே மறுபடி எல்லாவற்றையும் கழற்றினார்.

"குசினியெல்லாம் பெற்றோல் மணக்குது பிள்ளை!" என்று அம்மா ஏசுவார். ஆனாலும் அது ஓடியது. கார்பரேற்றர் துப்புரவாக்குவது, ஒயில் மாற்றுவது எல்லாம் அக்காதான்.

அக்காவைக் கலியாணம் முடித்த அத்தானுக்கு மோட்டார் சைக்கிள் என்றாலே பயம். எங்கே போனாலும் பின்னால்தான் இருப்பார்.

"என்ன, மனிசி ஓட நீங்கள் பின்னாலையோ?" என்று சந்தியில் கேட்பார்கள்.

"ஓம், அவா என்னை விழுத்தமாட்டா" என்பார்.

பிறகு அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதானது. கைகளில் பலம் போய்விட்டது. ஒருநாள் காலை அத்தான் வந்து நின்றார்.

"எனக்கு இதைப் பழக்கிவிடுவீரோ?"

அக்கா முற்றத்தில் கதிரையைப் போட்டு இருந்து, முதலில் பிளக்கைக் கழற்றித் துடைக்கப் பழக்கினார். "வழியில நிண்டால் என்னைத் தள்ளச் சொல்லுவியளோ?" என்று பகிடி விட்டார். அத்தான் கோயில் வெளியில் ஓடிப் பழகும்போது இரண்டுமுறை விழுந்தார். "பயப்பிடாதேங்கோ, நான் இருக்கிறன்தானே" என்றார் அக்கா.

ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இயந்திரம் நின்றுவிட்டது. அக்கா மதகில் இருந்துகொண்டார். அத்தான் தானாகவே பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பூட்டி உதைத்தார். வேலை செய்தது. அன்று தாதியிடம் அத்தானின் கரிபிடித்த கைகளைக் காட்டி, "இண்டைக்கு இவர்தான் திருத்தினவர்" என்று சொன்ன அக்காவின் முகத்தில் நோயே இல்லை.

கடைசி மாலை அத்தான் முற்றத்தில் மோட்டார் சைக்கிளின் பின்சில்லைச் சுற்றிக்கொண்டிருந்தார். கட்டிலில் கிடந்த அக்கா சத்தத்தைக் கேட்டே, "செயின் இறுக்கமாக் கிடக்குது, கொஞ்சம் தளர்த்துங்கோ" என்றார்.

"இப்ப சரியோ?"

"இப்ப சரி."

அதற்குப் பிறகு அக்கா கதைக்கவில்லை. விடியுமுன் அமைதியாகப் போய்விட்டார்.

மருந்து தந்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், சமைத்துத் தந்த அயலவருக்கும், காடாற்று வரை கூடநின்ற எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஒருநாளும் பிந்தாமல் அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அத்தானுக்கு நன்றி சொன்னால் கோபிப்பார். ஆனாலும் எழுதிவிட்டேன்.