தணிகாசலம் சிலைக்கு ஹால் டிக்கெட்டோடு போனேன்

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவள் நான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பேக்கிங் வேலை. பத்தாவது பாஸ் செய்தால் செக்கிங் பிரிவுக்கு மாற்றுவதாகச் சூப்பர்வைசர் சொன்னார். அங்கே உட்கார நாற்காலி உண்டு. அதனால் இந்த வருடம் தனித்தேர்வராக எழுதினேன். திங்கட்கிழமை தமிழ். தேர்வுக்கு முந்தைய நாள், திருப்பாச்சூர் புலவர் தணிகாசலம் சிலையின் காலடியில் ஹால் டிக்கெட்டை வைத்து எடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஞாயிறு காலை கிளம்பினேன்.

6.10க்கு மின்சார ரயில். பேசின் பிரிட்ஜில் மாறி, திருவள்ளூர் சேர 8.50. டிக்கெட் இருபது ரூபாய். ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோக்காரரிடம் "தணிகாசலம் சிலை" என்று இரண்டே வார்த்தை சொன்னேன். புது ஆளிடம் பேச என்னால் முடிந்தது அவ்வளவுதான். பத்து ரூபாய், இரண்டு கிலோமீட்டர். ஒரு மைதானத்தின் ஓரம் இறக்கிவிட்டார்.

சிலைக்குப் பெரிய மீசை. புலவருக்கு மீசை இருக்கக் கூடாதா என்ன? வலது கை எதையோ பிடித்தது போல மூடியிருந்தது. பேனா உடைந்து விழுந்திருக்கும் என்று நினைத்தேன். காலடியில் ஏற்கெனவே நிறையக் காகிதங்கள் இருந்தன. என்னுடையதையும் வைத்துக் கும்பிட்டேன்.

கண்ணைத் திறந்தால், விசில் மாட்டிய மாஸ்டர் ஒருவர் எல்லாக் காகிதத்திலும் சிவப்பு ஸ்கெட்சில் நம்பர் போட்டு ஃபைலில் வைத்துக்கொண்டிருந்தார். என் ஹால் டிக்கெட்டில் 14. பட்டாளத்துக்கும் போலீசுக்கும் பயிற்சி எடுக்கிறவர்கள் அங்கே தங்கள் பெயர்ச் சீட்டை வைத்தால், மூன்று சுற்று ஓடி முடித்துத்தான் திரும்ப வாங்க வேண்டுமாம். வரிசையில் நாலு பெண்களும் இருந்தார்கள்.

"இன்னா கண்ணு, நின்னுக்கினே கீற? லைன்ல வா," என்றார் மாஸ்டர்.

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஓடினேன். சுடிதாரும் செருப்புமாக இரண்டு சுற்று. மூன்றாவதில் செருப்பு வார் அறுந்தது. அப்போதுதான் அவர் எதிரில் போய் நின்றேன்.

"அண்ணா, என் ஹால் டிக்கெட்டைக் குடுங்க. நாளைக்கு எனக்குத் தமிழ் பரீட்சை."

மாஸ்டர் என்னையும் சிலையையும் மாறி மாறிப் பார்த்தார். "இவரு சுபேதார் தணிகாசலம்மா. சண்டை போட்டவரு. துப்பாக்கியப் பெயின்ட் அடிக்கக் கழட்டி வெச்சிருக்கோம். புக்கு எழுதுனவரு திருப்பாச்சூர்ல கீறாரு. இத ஓடறதுக்கு முன்னாடி சொல்றதுக்கு இன்னா?"

வரிசையே சிரித்தது. பதினாலை அழித்துத் தரப் பார்த்தார், தாள்தான் கிழியப் போனது. அப்படியே வாங்கிக்கொண்டேன்.

திருப்பாச்சூருக்கு பஸ்ஸில் ஐந்து கிலோமீட்டர். இந்த முறை கண்டக்டரிடமும் டீக்கடையிலும் "புலவர்தானே?" என்று கேட்டுக் கேட்டுப் போனேன். அங்கே சிலையில் புலவர் ஒல்லியாக இருந்தார், கண்ணாடி போட்டிருந்தார். மீசையே இல்லை. அவர் காலடியில் ஹால் டிக்கெட்டை வைத்து எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் தேர்வு அறை வாசலில் மேற்பார்வையாளர் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது என்ன நம்பர் என்றார். உள்ளே விடமாட்டாரோ என்று தோன்றியது. ரயிலில் ஆரம்பித்து வார் அறுந்தது வரை, முப்பது பேர் எதிரில் முழுக்கதையும் சொன்னேன். பிறந்ததிலிருந்து அவ்வளவு நீளமாக நான் பேசியதில்லை. அவர் வாயைப் பொத்திக்கொண்டு, "போய் எழுதும்மா, பதினாலு," என்றார்.

முடிவு இன்னும் வரவில்லை. போகிறவர்கள் ஆட்டோவில் ஏறும்போதே "புலவர்" என்று சொல்லிவிடுங்கள். அசலைக் கைப்பையில் வைத்துக்கொண்டு சிலைக்கு ஜெராக்ஸ் வையுங்கள், புலவர் கோபித்துக்கொள்ள மாட்டார். சுபேதாரிடமே போய்ச் சேர்ந்துவிட்டால், முதல் சுற்றிலேயே வாயைத் திறங்கள்.