கதிரை மட்டும் வரைகிறவன்

நான் கதிரைகள் வரைகிறவன். பிளாஸ்டிக் கதிரை, பிரம்புக் கதிரை, கல்யாண வீட்டு வாசலில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய வாடகைக் கதிரை. கல்முனையில் ஒரு பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறேன். பின்னேரங்களில் வீட்டில் இருந்து கதிரை வரைகிறேன். மனிதர்களை வரைவதில்லை.

இதை ஊர் மார்க்கப் பற்று என்று எடுத்துக்கொண்டது. உயிருள்ளதை வரையாத ஓவியர் என்று பள்ளிவாசல் நிருவாகத்து மரைக்கார் ஒருவர், ஜும்ஆ முடிந்து வரும்போது, நாலு பேருக்கு முன்னால் என் கையைப் பிடித்துப் பாராட்டினார். உண்மை என்னவென்றால், எனக்கு மூக்கு வராது. யாரை வரைந்தாலும் மூக்கு கொச்சிக்காய் போல நீண்டு வளைந்து உறைப்பாக வந்து நிற்கும். மரைக்காரிடம் இதை நான் சொல்லவில்லை.

போன வருடம் கொழும்பில் ஒரு கண்காட்சிக்குப் படம் கேட்டார்கள். என் படம் அதுவரை ஊரைத் தாண்டியதில்லை. எப்படியாவது போய்விட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கண்காட்சியை நடத்தும் பெண் தொலைபேசியில் பேசினார்.

"சேர், கதிரை உங்களுக்குப் பழகின இடம். அதை விட்டு வெளியே வாங்க. நெருக்கமான ஒரு முகத்தை வரைங்க."

ஓம் என்றேன். நான் எல்லாவற்றுக்கும் ஓம் சொல்கிறவன்.

நெருக்கமான முகம் என்றால் உம்மாதான். அவர் மௌத்தாகி இரண்டு வருடம். ஒரு கிழமை முயன்றேன். பன்னிரண்டு தாளில் பன்னிரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருவரையும் எனக்குத் தெரியாது. ஒருவரில் மட்டும் மரைக்காரின் சாயல் இருந்தது. கடைசித் தாளைக் கிழிக்கும்போது அழுதுவிட்டேன். பெற்ற தாயின் முகம் கைக்கு வராதது வெட்கமாக இருந்தது.

எங்கள் பக்க வழக்கப்படி உம்மாவின் வீடு மூத்த பெண்பிள்ளை என்று ராத்தாவுக்குப் போயிருந்தது. அங்கே போய், குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் உம்மா எந்நாளும் இருந்த நீலக் கதிரையை வரைந்தேன். ஒரு கை உடைந்து கம்பியால் கட்டியது. அதில் இருந்துதான் வெங்காயம் உரிப்பார், போனில் கதைப்பார், எங்களை ஏசுவார். ஒரு மணித்தியாலத்தில் படம் முடிந்தது. கை தன்பாட்டில் போனது.

கொழும்புக்கு அனுப்பினேன். "திரும்பவும் கதிரைதானே சேர்" என்று பதில் வந்தது. படமும் திரும்பி வந்தது. கவலைதான், இரண்டு நாள் வீட்டில் ஒருவரோடும் சரியாகக் கதைக்கவில்லை. அதற்காக இனி மூக்குப் பழகப்போவதில்லை என்றும் அந்த இரண்டு நாளில்தான் முடிவெடுத்தேன்.

படத்தை ராத்தா கேட்டார். சட்டம் போட்டுக் கொண்டுபோனேன். வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று முன் ஹோலில், கண்ணாடி அலுமாரிக்கு மேலே ஆணி அடிக்கப் பார்த்தேன். ராத்தா படத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"குசினிக்குள்ள மாட்டு தம்பி. ஆக்கள் வந்தா உம்மா முன்னுக்கு வந்து இரிக்கமாட்டா."