நாத்து என்று எழுதிய கடிதம்

தீவனக் கொள்முதல் விதிப்படி, விலை அனுமதி கேட்ட கடிதத்துக்கு ஏழு நாளில் பதில் வர வேண்டும். எத்தனையாவது கடிதத்துக்கு என்று விதியில் இல்லை.

கோவில்பட்டியில் உலர்தீவனக் கிடங்குக்கு நான் பொறுப்பாக இருந்தபோது, நாகலாபுரம் வீரம்மாள் தன் சோள நாத்தை விற்க வந்தார். காய்ந்த சோளத்தட்டைக்குக் கரிசல்காட்டில் நாத்து என்றுதான் பெயர். தட்டையை அடுக்கி வைத்திருந்த படப்பைப் பார்க்கப் போனேன். தட்டையை ஒடித்தால் படக்கென்று முறிந்தது, ஈரமில்லை. இலை உதிரவில்லை, பூசண வாடையும் இல்லை.

"கடிச்சுப் பாருங்க சார், கரும்பு கணக்கா இனிக்கும்."

கடிப்பது விதியில் இல்லை. கடித்தேன். இனித்தது. முதல் தரம் என்று குறித்தேன்.

நனைந்து கறுத்தால் அதே தட்டை மூன்றாம் தரம், பாதி விலைதான். படப்போ வெட்டவெளியில் இருந்தது. ஐப்பசி மழைக்கு முன் அனுமதி வந்தாக வேண்டும்.

"நாத்து, முதல் தரம், விலை அனுமதி வேண்டும்" என்று எழுதினேன். சரியாக ஏழாம் நாள் மேலிடம் கேட்டது: "நாற்று வேளாண்மைத் துறை சார்ந்தது. எனினும், எத்தனை நாள் வயதுடையது?"

வீரம்மாளிடம் வாசித்துக் காட்டினேன்.

"வயசா? மாசியில அறுத்தது, எட்டு மாசம் ஆவுது. எதுக்கு, சம்பந்தம் பேசவா கேக்குதாவ?"

"நடுற நெல் நாத்துன்னு நெனச்சுட்டாவம்மா."

"நல்லா நெனச்சாவ! வானம் இருட்டிக்கிட்டு வருது சார். நனைஞ்சா நீங்களே மூணாம் தரம்னு எழுதிருவிய."

எழுதத்தான் செய்வேன். அது அவருக்கும் தெரியும்.

விளக்கக் கடிதம் அனுப்பிவிட்டு விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். முடிவு வரும்வரை மாதிரியை நனையாமல் பாதுகாப்பது கிடங்குப் பொறுப்பாளரின் கடமை என்றது. மாதிரி எவ்வளவு பெரிது என்று சொல்லவில்லை. முழுப் படப்பையும் மாதிரி என்று பதிந்து, கிடங்கின் நான்கு தார்ப்பாய்களையும் கொண்டுபோய்ப் போர்த்தினேன்.

"இம்புட்டும் சாம்பிளா சார்? அப்ப சரக்கு எங்கன இருக்குன்னு கேட்டா?"

"கேட்டு எழுதட்டும்மா. பதில் சொல்ல நமக்கும் ஏழு நாள் உண்டு."

ஐப்பசி பிறந்த அன்றே மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. வெயில் வந்ததும் தார்ப்பாயை விலக்கி ஒரு தட்டையை ஒடித்தேன். படக். வீரம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

புதிதாகப் பணிக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். தரம் பார்க்கக் கையும் பல்லும் போதும். கடிதத்தில் மட்டும், சரக்கை எந்தப் பிராணி தின்னும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். "மாடு தின்னும் காய்ந்த சோளத்தட்டை" என்று நான் விளக்கியதற்கு, முதல் தர விலைக்கு அனுமதி வந்த தேதி: அக்டோபர் 21, அதாவது மழை விட்ட பிறகு.