மொட்டைமாடியில் காய்ந்த பேட்

ஓரிடத்தில் உட்காராத பிள்ளை என்று எனக்குத் தெருவில் பெயர். அந்தப் பெயரை நான் காப்பாற்றிக்கொண்ட லட்சணத்தில்தான் மாமாவின் பேட் உடைந்தது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். திருத்தங்கலில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிற அச்சகத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் எங்கள் தெரு டீமுக்கு ஓபனிங் பேட்ஸ்மேன். நான் நான்காம் வகுப்புப் படித்த வருஷம் அவருக்குக் கூரியரில் ஒரு பேட் வந்தது. டீமின் பழைய பேட்டை நான் இரண்டு கையால் தூக்கினாலே முழங்காலில் இடிக்கும். இதை ஒரு கையால் தூக்கிவிட்டேன். விளிம்பு மட்டும் என் மூன்று விரல் தடிமன் இருந்தது. பார்த்தால் பயில்வான், தூக்கினால் பஞ்சு.

கண்மாய்ப் பொட்டலில் முதல் நாளே அது தன் வேலையைக் காட்டியது. மாமா சும்மா தடுத்த பந்துகூட விறுவிறுவென்று ஓடியது. கேப்டன் கனமான பேட் கட்சி. “வெயிட்டே இல்லாம பந்து எப்பிடிலே போகும்?” என்றவர், வாங்கி ஒரு அடி அடித்தார். பந்து கருவேலத்துக்குள் போய் விழுந்தது. பேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இப்போதெல்லாம் எல்லோரும் லேசான பேட்தான் வைத்திருக்கிறார்கள் என்றார் மாமா. நானும் அதை ஒரு ஸ்டைல் என்றே நம்பினேன்.

தினமும் சாயங்காலம் துணியில் எண்ணெய் தொட்டு பேட்டுக்குப் பூசுவார். அதைப் பதப்படுத்த, பழைய பந்தைக் காலுறைக்குள் போட்டு மெதுவாகத் தட்டிக்கொண்டே இருப்பார். எனக்கோ பொறுமையே இருக்காது. எப்போது சிக்ஸர் அடிப்பீர்கள் என்று அவரைச் சுற்றிச் சுற்றி வருவேன். அப்படி ஒருநாள், பேட்டைக் கீழே வைத்துவிட்டு வலது கையை உதறியபடி, “இன்னும் ஒரு நூறு கிராம் கொறஞ்சா நல்லாருக்கும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

எனக்கு அது போதாதா?

அம்மா வீட்டிலேயே வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டி ஒட்டுவாள். காலையில் பசை ஈரத்தோடு மொட்டைமாடிக்கு ஏற்றும்போது தட்டு கனக்கும். சாயங்காலம் அதே தட்டை நான் ஒரு கையில் ஏந்தி இறங்குவேன். வெயிலில் வைத்தால் எடை குறையும் என்பது எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டுக்கு முன்னாலேயே தெரியும். அப்படியிருக்க, மனிதர் எண்ணெயை வேறு பூசிக் கனமாக்குகிறாரே என்று எனக்கு ஒரே எரிச்சல்.

அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் லீவுக்குள் ஆர்டரை முடிக்க வேண்டுமென்று மாமா அந்த வாரம் முழுக்க ஓவர்டைம் பார்த்தார். எண்ணெய் பூச அவருக்கு நேரமில்லை, எனக்கோ பள்ளிக்கூடம் இல்லை. அவர் வண்டி தெருமுனை திரும்பியதும் நான் பேட்டை மாடிக்குக் கொண்டுபோவேன். பழைய சேலைத் துணியால் எண்ணெயை அழுத்தித் துடைத்து, குழாய்களுக்கு நடுவே கிடத்தி, வற்றலைத் திருப்புகிற மாதிரி திருப்பித் திருப்பிப் போடுவேன். உள்ளங்கால் கொப்பளிக்கிற வெயிலில் நாளைக்குப் பத்துத் தடவை ஏறி இறங்கினேன். அம்மாவுக்கு என்மேல் திடீர் மரியாதை. குழாயைப் பார்த்துக்கொள்கிறேனாம். எட்டாம் நாள் தட்டிப் பார்த்தேன். பொரித்த அப்பளம் மாதிரி சத்தம் வந்தது.

லீவில் பைனல், சாத்தூர் டீமோடு. மாமா அன்று அடித்த அடியை இன்றைக்கும் கண்ணுக்குள் வைத்திருக்கிறேன். பந்து ஒவ்வொன்றும் பறந்தது. எல்லாம் என் கைங்கரியம் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. உட்கார முடியாமல் எல்லைக் கோட்டைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். கடைசியில் மூன்று பந்தில் மூன்று ரன் வேண்டும் என்று நின்றது. காலடியில் வந்த பந்தை மாமா ஓங்கித் தடுத்தார். ‘டப்’பென்று பேட் அடியிலிருந்து பாதிவரை பிளந்துகொண்டது. ரன் இல்லை.

யாரோ டீமின் பழைய பேட்டோடு ஓடினார்கள். மாமா அதை வாங்கினார். அடுத்த பந்து விக்கெட்டை ஒட்டிப் போனது, அவர் பேட் பாதிதான் எழும்பியிருந்தது. கடைசிப் பந்து ஸ்டம்பைப் பெயர்த்தது, அதற்கும் அப்படியே நின்றார்.

கேப்டன் உடைந்த பேட்டைத் தூக்கிப் பார்த்தார். “இம்புட்டு காஞ்சு கெடக்கே, எங்கனலே வச்ச?” மாமா அதை வாங்கிப் புரட்டினார். பின்பக்கம் பசையோடு ஒரு துண்டுக் குழாய்க் காகிதம் ஒட்டியிருந்தது. நகத்தால் உரித்து, என்னை ஒரு பார்வை பார்த்து, காகிதத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “வண்டியோட வெயில்ல விட்டுட்டேண்ணே” என்றார். தப்பித்தோம் என்று எனக்கு மூச்சு வந்தது.

அதற்குப் பிறகு மாமா ஆடவில்லை. நான் கல்லூரிக்குப் போன பிறகு ஒருநாள் குழாய் உருட்டிக்கொண்டே அம்மா சொன்னாள். பேட் வந்த அந்த வருஷம் தை மாதம் அச்சகத்தில் லோடு இறக்கும்போது காகிதக் கட்டு சரிந்து மாமாவின் வலது மணிக்கட்டில் விழுந்ததாம். எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. டீமுக்குத் தெரிந்தால் இடம் போய்விடும் என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். அந்தக் கையால் தூக்க முடிந்த ஒரே பேட் அதுதான் என்று தேடிப் பிடித்து வாங்கினாராம். அன்று என்னால் சாப்பிட முடியவில்லை.

ஏனென்றால், இரண்டு பந்துக்கும் பேட்டைத் தூக்காமல் நின்று தோற்கடித்துவிட்டாரே என்று பைனலுக்குப் பிறகு இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவர்தான் சாத்தூர்ச் சேவு வாங்கி வந்து, “கோவம் போச்சா தாயி?” என்று பொட்டலத்தை நீட்டினார், இடது கையால். இடது கையால் கொடுத்தால் வாங்கமாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மாமா சிரித்துக்கொண்டே பொட்டலத்தை வலது கைக்கு மாற்றினார். அதை நான் வாங்குகிறவரைக்கும் அப்படியே நீட்டிக்கொண்டு நின்றார்.