சந்தை பொது, முகம் பொதுவல்ல

மேச்சேரி ஆட்டுச் சந்தையில் வெயில் ஏறத் தொடங்கியிருக்கிறது. செம்பழுப்பு நிறக் கிடா ஒன்றைப் பிடித்தபடி ஒரு பெண், வியாபாரி ஒருவரிடம் விலை பேசிக்கொண்டிருக்கிறார். தலை கலைந்திருக்கிறது, சேலையெல்லாம் புழுதி. நல்ல காட்சியாயிற்றே என்று செல்போனில் வீடியோ எடுக்கிறேன்.

அவர் பேச்சை நிறுத்திவிட்டு நேராக என்னிடம் வருகிறார்.

"ஏனுங்க, என்னையக் கேட்டுட்டா எடுக்கறீங்க?"

"பொது இடந்தானேங்க?" என்கிறேன்.

"சந்தை பொதுதானுங்க. என்ற மூஞ்சி என்னுதுங்க. போன வருசம் ஒருத்தரு இப்படித்தான் எடுத்து, 'பாவம், ஏழைத் தாய்'னு சோகப் பாட்டோட போட்டுட்டாரு. சொந்தக்காரங்க எல்லாம் போன் பண்ணி அழுவறாங்க. சொந்தமா ஆட்டுப்பட்டி வெச்சு, ரெண்டு புள்ளைங்களக் காலேசுல படிக்க வெக்கறனுங்க. நான் பாவமுங்களா?"

மன்னிப்புக் கேட்டு, அவர் கண்ணெதிரிலேயே அந்த வீடியோவை அழிக்கிறேன். பிறகு தயங்கியபடி கேட்கிறேன்.

"இப்ப ஒரே ஒரு படம் எடுத்துக்கட்டுங்களா?"

கொஞ்சம் யோசிக்கிறார். சிரிக்கிறார்.

"வேண்டாங்க. ஆனா கேட்டீங்க பாருங்க, அது நல்லாருக்குதுங்க."

திரும்பிப் போய் விட்ட இடத்திலிருந்து பேரத்தைத் தொடர்கிறார். வியாபாரி குறைத்துக் குறைத்துக் கேட்கிறார். இவர் அசைவதாக இல்லை. கடைசியில் இவர் சொன்ன விலைக்கே கிடா கைமாறுகிறது. கயிற்றைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து நடக்கிறார். கூட்டம் அவருக்கு வழிவிடுகிறது.